கென்யாவின் வடக்கு எல்லையில் நடந்த ஷிஃப்டா போர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1963 டிசம்பர் 12 அன்று நள்ளிரவில் நைரோபியில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது, கென்யாவின் கொடி ஏறியது. அதற்கு இரண்டு வாரம் கழித்து, அந்தப் புதுக் கொடியின் கீழேயே நாட்டின் வடகிழக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் நீடித்த இந்தப் போரைப் பற்றி ஆப்பிரிக்க வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களே அதிகம் பேசுவதில்லை. அவர்கள் பேசும்போது வழக்கமாக எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்களில் என் கருத்தும் கலந்திருக்கும். அதை மறைக்க முயலவில்லை.

ஷிஃப்டா போர் என்பது சுருக்கமாக என்ன?

கென்யாவின் வடகிழக்கில் வாழ்ந்த சோமாலியரும் அவர்களோடு சேர்ந்த வேறு சில மேய்ச்சல் சமூகத்தாரும், தங்கள் நிலம் கென்யாவிலிருந்து பிரிந்து சோமாலியாவோடு இணைய வேண்டும் என்று 1963 முதல் 1967 வரை நடத்திய ஆயுதக் கிளர்ச்சி. சோமாலிய அரசு அதற்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது. புதிதாகப் பிறந்த கென்ய அரசு அதை ஒடுக்கியது.

‘ஷிஃப்டா’ என்றால் என்ன பொருள்?

கொள்ளைக்காரன். எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியிலிருந்து வந்த சொல். அங்கே அதற்கு அரசை எதிர்த்துக் காட்டுக்குள் போனவன் என்ற பொருளும் உண்டு. ஓரளவு வீரச் சாயலும் உண்டு. நைரோபி அரசு அந்தச் சாயலை உதறிவிட்டு வெறும் கொள்ளைக்காரன் என்ற பொருளை மட்டும் எடுத்துக்கொண்டது. பிரிவினை கேட்பவன் என்று ஒருவனைச் சொன்னால் அவனுக்கு ஓர் அரசியல் கோரிக்கை இருப்பதாக ஒப்புக்கொண்டதாகிவிடும். கொள்ளைக்காரனிடம் யாரும் பேச்சுவார்த்தை நடத்துவதில்லை. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வேறு பெயர் சொன்னால் யாருக்கும் புரியாது என்பதால் நானும் அதையே எழுதுகிறேன்.

அந்த நிலம் எங்கே இருக்கிறது? எப்படிப்பட்டது?

பிரிட்டிஷ் காலத்தில் அதன் பெயர் வடக்கு எல்லைப்புற மாவட்டம். கரிஸா, வஜீர், மண்டேரா, மொயாலே, மார்சபிட், இசியோலோ ஆகிய ஆறு பகுதிகள். கென்யாவின் மொத்த நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வடக்கே எத்தியோப்பியா, கிழக்கே சோமாலியா.

கென்யா என்றதும் தேயிலைத் தோட்டமும் பனி மூடிய மலையும் நினைவுக்கு வந்தால் அவற்றை ஒதுக்கி வையுங்கள். இங்கே முட்புதர், செம்மண், எரிமலைக் கற்கள். மழை வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் மனிதன் பிழைக்க ஒரே வழி நடந்துகொண்டே இருப்பதுதான். மழை பெய்த பக்கம் மந்தை போகும், மந்தையின் பின்னால் குடும்பம் போகும். ஒட்டகம் பல நாள் தண்ணீரின்றித் தாங்கும் என்பதால் கிணற்றிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் தழையையும் மேய்ந்துவிட்டு வரும். மாடும் ஆடும் கிணற்றை விட்டு அவ்வளவு தூரம் போக முடியாது. ஆகவே இங்கே சொத்து என்றால் நிலப்பட்டா கிடையாது. எந்தக் கிணற்றில் எந்தக் குலத்துக்கு எப்போது முறை என்பதுதான் சொத்து. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிரிட்டிஷார் அந்தப் பகுதியை எப்படி ஆண்டார்கள்?

ஆண்டார்கள் என்பதைவிடப் பூட்டி வைத்தார்கள் என்பதே பொருத்தம். தெற்கே வெள்ளைக் குடியேறிகளின் வளமான மேட்டு நிலம். வடக்கே எத்தியோப்பியப் பேரரசு. கிழக்கே இத்தாலியரின் சோமாலியா. நடுவில் ஒரு தடுப்பு நிலம் வேண்டும், அவ்வளவுதான். 1902ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ‘மூடப்பட்ட மாவட்டம்’ என்ற ஏற்பாட்டுக்கு வழி செய்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியாள் உள்ளே வரக்கூடாது, உள்ளே இருப்பவன் வெளியே போகக்கூடாது. 1934ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம் ‘பகைமை கொண்ட’ குலம் என்று அதிகாரி கருதும் எந்தக் குலத்தையும் தடுத்து வைக்கவும் அதன் மந்தையைப் பறிமுதல் செய்யவும் அதிகாரம் தந்தது. ஒருவன் திருடினால் குலமே ஒட்டகங்களைக் கட்ட வேண்டும். சோமாலியர் மேற்கே எந்தக் கோடு வரை மேய்க்கலாம் என்று வரைபடத்தில் கோடு கிழித்தார்கள். ஒட்டகத்துக்கு வரைபடம் படிக்கத் தெரியாது என்பதால் அபராதம் ஓயாமல் வசூலானது.

பள்ளி, சாலை, மருத்துவமனை எல்லாம் அரிது. தெற்கில் ஆப்பிரிக்கர்கள் சங்கம் வைத்தார்கள், செய்தித்தாள் நடத்தினார்கள், சிறை சென்றார்கள். அந்த அரசியல் பரபரப்பு வடக்கை எட்டவே இல்லை. எட்டாமல் பார்த்துக்கொள்ளவே அந்தப் பூட்டு. இடையில் 1925இல் பக்கத்து ஜூபாலாந்தை, முதல் உலகப் போரில் துணை நின்றதற்குப் பரிசாக, இத்தாலியிடம் தூக்கிக் கொடுத்தார்கள். அங்கிருந்த சோமாலியர் ஒரு நாட்டுக்குப் போனார்கள், அவர்களின் உறவினர் இங்கேயே நின்றார்கள். இரு தரப்பிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சோமாலியக் கொடியில் இருக்கும் நட்சத்திரத்துக்கும் இந்தப் போருக்கும் தொடர்பு உண்டா?

நேரடியான தொடர்பு. 1960 ஜூலை 1 அன்று பழைய பிரிட்டிஷ் சோமாலிலாந்தும் இத்தாலியரின் பொறுப்பில் இருந்த தெற்கும் சேர்ந்து சோமாலியக் குடியரசு ஆனது. கொடியில் வெள்ளை நட்சத்திரம், ஐந்து முனை. இரண்டு முனைகள் கைக்கு வந்துவிட்டன. மீதி மூன்று: பிரெஞ்சுக்காரர் வசமிருந்த இன்றைய ஜிபூட்டி, எத்தியோப்பியாவின் ஒகாடென், கென்யாவின் வடக்கு எல்லைப்புறம். அதாவது மூன்று அண்டை நிலங்களின் மீதான உரிமைக் கோரிக்கையைக் கொடியிலேயே தைத்துக்கொண்டு பிறந்த நாடு அது. இதை அத்துமீறல் என்று நைரோபியும் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவும் பார்த்தன. ஒரே மொழி, ஒரே மதம் கொண்ட மக்களை ஐந்து துண்டாக வெட்டியவர் யார் என்று சோமாலியத் தலைநகர் மொகதிஷு திருப்பிக் கேட்டது. இரண்டுமே அர்த்தமுள்ள பேச்சு.

அங்கே வாழ்ந்த மக்களின் விருப்பத்தை யாராவது கேட்டார்களா?

கேட்டார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் உறுத்தும் பகுதி இதுதான்.

1960இல் வடக்கில் கட்சி தொடங்க அனுமதி கிடைத்ததும் பிரிவினையைக் கோரும் வட மாகாண மக்கள் முற்போக்குக் கட்சி உருவானது. 1962இல் லண்டன் லங்காஸ்டர் மாளிகையில் கென்யாவின் அரசியலமைப்பு மாநாடு நடந்தபோது வடக்கின் பிரதிநிதிகளும் போய்த் தங்கள் கோரிக்கையை வைத்தார்கள். பிரிட்டன் இருவர் ஆணையம் ஒன்றை அமைத்தது: ஒருவர் நைஜீரிய வழக்கறிஞர் ஒன்யூகே, மற்றவர் கனடாவின் மேஜர் ஜெனரல் போகெர்ட். அவர்கள் ஊர் ஊராகச் சென்று கூட்டம் கூட்டி விசாரித்தார்கள். சோமாலியாவோடு சேர விரும்பும் கருத்தே மக்கள்தொகையிலும் நிலப்பரப்பிலும் பெரியது, அந்தப் பகுதிகளில் அது ஏறத்தாழ ஒருமனதானது என்பது 1962 டிசம்பரில் வந்த அறிக்கையின் முடிவு.

1963 மார்ச் 8 அன்று காலனிச் செயலர் டங்கன் சாண்டிஸ் முடிவை அறிவித்தார். பிரிவினை கிடையாது, சோமாலியர் மிகுந்த கரிஸா, வஜீர், மண்டேரா மூன்றும் கென்யாவுக்குள்ளேயே வடகிழக்குப் பிராந்தியம் என்ற ஏழாவது பிராந்தியமாக இருக்கும். சோமாலியா பிரிட்டனுடன் தூதரக உறவை முறித்துக்கொண்டது. வடக்கில் அரசு நியமித்த தலைவர்கள் பலர் பதவி விலகினார்கள். மே மாதத் தேர்தலைச் சோமாலியர் புறக்கணித்தார்கள். ஆகஸ்டில் ரோம் நகரில் நடந்த பேச்சும் வெறுங்கையோடு முடிந்தது.

செய்ய மனமில்லாதவர்கள் கேட்காமலாவது இருந்திருக்கலாம்.

பிரிட்டன் ஏன் தன் ஆணையத்தின் பேச்சையே கேட்கவில்லை?

சில மாதங்களில் கென்யாவை ஆளப்போகிற தலைவர்களோடு பகைத்துக்கொள்ள அது விரும்பவில்லை. வெள்ளைக் குடியேறிகளின் நிலம், படைத்தளம், வணிகம் எல்லாம் நைரோபியில் இருந்தன. எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசியும் எல்லையை மாற்றுவதை எதிர்த்தார். முட்புதர் காட்டு ஒட்டகக்காரர்கள் எடை இயந்திரத்தில் அவ்வளவு கனக்கவில்லை.

கென்யாட்டா ஏன் விட்டுக்கொடுக்கவில்லை? பாலைநிலம்தானே?

பாலைநிலம் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் பேச்சு. சுதந்திரக் கென்யாவின் முதல் தலைவரான ஜோமோ கென்யாட்டாவின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். கென்யாவுக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள். சிறுபான்மை இனங்களின் கட்சியான காடு (KADU) ‘மஜிம்போ’ என்ற பிராந்தியத் தன்னாட்சி முறையைக் கேட்டு வாங்கியிருந்தது. கென்யாட்டாவின் கானு (KANU) கட்சி அதை வேண்டா வெறுப்பாக ஏற்றிருந்தது. கடற்கரையில் சான்சிபார் சுல்தானின் பழைய உரிமையைக் காட்டி இன்னொரு குரல் தனிநாடு பேசியது. வடக்கை விட்டால் அடுத்து யார் வரிசையில் நிற்பார்கள் என்ற பயம் வெறும் கற்பனை இல்லை.

படையோ சிறியது: பழைய காலனிப் படையிலிருந்து வந்த மூன்று பட்டாளங்கள். அதிலும் ஒன்று 1964 ஜனவரியில் லானெட் முகாமில் கலகம் செய்ய, அடக்குவதற்குப் பிரிட்டிஷ் வீரர்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. சுதந்திரம் வாங்கி ஆறு வாரத்தில்! அந்த அவமானத்தையும் சேர்த்துத்தான் அவருடைய பிடிவாதத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு முடிவதற்குள் காடு கட்சி கானுவில் கரைந்தது, மஜிம்போ போனது, கென்யா குடியரசானது. எல்லையில் ஒரு போர் நடந்துகொண்டிருப்பது அதிகாரத்தை நைரோபியில் குவிக்க வசதியான காரணமாகவும் இருந்தது.

சண்டை எப்போது தொடங்கியது?

சுதந்திரத்துக்கு முன்பே. 1963 ஜூன் 28 அன்று இசியோலோவின் மாவட்ட ஆணையர் தாபாசோ வாபேராவும் மேய்ச்சல் சமூகமான போரானாக்களின் தலைவர் ஹாஜி கல்மா தீதாவும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வாபேராவும் போரானாதான், அந்தப் பதவியில் அமர்ந்த முதல் ஆப்பிரிக்கர்களில் ஒருவர். இருவரும் கென்யாவோடு இருப்போம் என்று மக்களிடம் பேசி வந்தவர்கள். முதல் தோட்டா வெள்ளை அதிகாரியின் மேல் பாயவில்லை என்பதைக் கவனியுங்கள். நவம்பரிலிருந்து காவல் நிலையங்கள் மீது தாக்குதல்கள் பெருகின. டிசம்பர் இறுதியில் அவசரநிலை.

கிளர்ச்சியாளர்கள் எல்லோரும் சோமாலியர்களா?

பெரும்பாலோர். ஆனால் இசியோலோப் பக்கத்து போரானாக்களில் பலர் முஸ்லிம்கள். அவர்களும், சகூயே, ரெண்டில்லே மக்களில் சிலரும் சேர்ந்தார்கள். பிரிவினைக் கட்சியின் முன்னணியிலேயே சோமாலியர் அல்லாதவர்கள் இருந்தார்கள். மறுபக்கம் மார்சபிட்டின் போரானாக்கள் பெரும்பாலும் கென்யாவின் பக்கம் நின்றார்கள். ஆக, இதை இனப்போர் என்று ஒரே சொல்லில் முடிக்க முடியாது. மதம் கொஞ்சம், கிணற்றுத் தகராறு கொஞ்சம், பூட்டி வைத்த அரசின் மீதான பழைய கோபம் நிறைய. மந்தையைக் கடத்தும் ஆசையில் மட்டும் துப்பாக்கி தூக்கியவர்களும் இருந்தார்கள். அரசு சொன்ன ‘கொள்ளைக்காரன்’ முழுப் பொய்யும் இல்லை.

எப்படிப் போரிட்டார்கள்?

சிறு சிறு கூட்டங்களாக, இரவில் வந்து அடித்துவிட்டு எல்லை தாண்டிப் போவார்கள். தொடக்கத்தில் பழைய துப்பாக்கிகள். சோவியத் யூனியன் சோமாலியப் படைக்கு ஆயுதம் தர முன்வந்த பிறகு தரம் உயர்ந்தது. போரின் போக்கை மாற்றியது கண்ணிவெடி. செம்மண் சாலைகளில் அதைப் புதைக்கத் தொடங்கியதும் ராணுவ வண்டியும் சரக்கு லாரியும் ஒன்றுபோல் சிதறின. சாலையில் போக முடியாத அரசு மக்களின் பக்கம் திரும்பியது.

அரசு என்ன செய்தது?

முதலில் எல்லையோரம் ஐந்து மைல் அகலத்துக்குத் தடைப் பகுதி அறிவித்தது. பிடியாணை இல்லாமல் கைது, விசாரணை இல்லாத காவல், மந்தைப் பறிமுதல் எல்லாம் வந்தன. எத்தியோப்பியாவுடன் 1963லேயே பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டாயிற்று. பயிற்சிக்கும் ஆயுதத்துக்கும் பிரிட்டன் உதவியது.

1966இல் வந்தது பெரிய நடவடிக்கை. சிதறி வாழும் மக்களைக் குறிப்பிட்ட கிராமங்களுக்குள் கொண்டுவந்து அடைப்பது. வேலி, காவல், ஊரடங்கு, ஆள் கணக்கெடுப்பு. வெளியே நடமாடுபவன் ஷிஃப்டா, உள்ளே இருப்பவன் குடிமகன் என்று பிரித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. கர்பா துலா, மெர்டி போன்ற இடங்களில் இப்படி மக்களைக் குவித்தார்கள். மேலே சொன்ன ஒட்டகத்தையும் கிணற்றையும் இப்போது நினைத்துப் பாருங்கள். மழை பெய்த பக்கம் போக முடியாத மந்தை, வேலியைச் சுற்றியிருந்த புல்லைச் சில வாரங்களில் மேய்ந்து தீர்த்தது. பிறகு நின்ற இடத்திலேயே செத்தது. தப்பியவற்றைப் பறிமுதல் செய்தார்கள். சிப்பாய்கள் சுட்டும் கொன்றார்கள். இசியோலோவின் போரானாக்களும் சகூயேக்களும் ஒட்டகம் வைத்திருந்த மக்கள் என்ற நிலையிலிருந்து நிவாரண மாவுக்கு வரிசையில் நிற்கும் மக்களானது இந்த ஓரிரு ஆண்டுகளில்தான்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் போக முடியாது. 1954இல், தங்கள் ஆட்சிக்கு எதிரான மாவ் மாவ் எழுச்சியை ஒடுக்க, பிரிட்டிஷார் சுமார் 10 லட்சம் கிகூயு மக்களை இப்படித்தான் அகழியும் முள்வேலியும் சூழ்ந்த கிராமங்களுக்குள் அடைத்தார்கள். கென்யாட்டா அப்போது வடக்குப் பாலையில் லோகிடாவுங் சிறையில் இருந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய அரசு அதே முறையை எடுத்து, அதே அவசரநிலைச் சட்ட மொழியில், அதே வடக்கில் பயன்படுத்தியது. சட்டப் புத்தகத்தில் அட்டை மட்டும் மாறியிருந்தது.

ஆப்பிரிக்க ஒருமைப்பாட்டு அமைப்பு யார் பக்கம் நின்றது?

எல்லைக்கோட்டின் பக்கம். 1964 ஜூலையில் கெய்ரோ மாநாட்டில், சுதந்திரம் பெற்றபோது இருந்த எல்லைகளை மதிப்போம் என்று உறுப்பு நாடுகள் தீர்மானித்தன. சோமாலியா அதற்குக் கட்டுப்பட மறுத்தது. ஐரோப்பியர் வரைந்த கோடுகளை ஆப்பிரிக்கத் தலைவர்களே காவல் காத்தது முரணாகத் தோன்றலாம். ஆனால் அந்த மண்டபத்தில் இருந்த அநேகமாக எல்லோர் வீட்டிலும் இதேபோல் ஒரு எல்லைப்புறம் இருந்தது. ஒரு கல்லை உருவினால் சுவர் முழுவதும் சரியும் என்ற அச்சத்தில் கை தூக்கினார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் வேறு எப்படி வாக்களித்திருப்பேன் என்று தெரியவில்லை.

போர் எப்படி முடிந்தது?

சோமாலியா களைத்துப்போனது. 1966இல் கென்யா வணிகத்தை நிறுத்தியது. 1967 ஜூனில் சூயஸ் கால்வாய் மூடியதால் சோமாலியாவின் வாழைப்பழ ஏற்றுமதி அடிவாங்கியது. ஜூலையில் பிரதமரான முகமது ஹாஜி இப்ராஹிம் இகால் சமரசத்தை விரும்பினார். செப்டம்பரில் கின்ஷாசா மாநாட்டில் தொடங்கிய பேச்சு, ஜாம்பியா அதிபர் கவுண்டாவின் நடுவாண்மையில், அக்டோபர் 28 அன்று அருஷாவில் உடன்பாடானது. சொந்த நாட்டில் இகாலைத் துரோகி என்றவர்கள் உண்டு. இரண்டு ஆண்டுகளில் ராணுவம் அவருடைய அரசைக் கவிழ்த்தது.

வடக்கின் கிளர்ச்சியாளர்கள் அருஷாவின் மேசையில் இல்லை. அவர்களுக்கு மன்னிப்பு அறிவிப்பு வந்தது.

எத்தனை பேர் இறந்தார்கள்?

கென்ய அரசின் கணக்கில் கொல்லப்பட்ட ஷிஃப்டாக்கள் மட்டும் 1,500க்கு மேல். அந்தக் கணக்கில் செத்த மேய்ப்பன் எவனும் ஷிஃப்டாவாகவே பதிவானான் என்று வடக்கின் மக்கள் சொல்கிறார்கள். முகாமில் பசியாலும் நோயாலும் போனவர்கள் அதில் வரவே மாட்டார்கள்.

இவ்வளவும் செய்து ‘தேசம்’ உருவானதா?

எல்லை காப்பாற்றப்பட்டது, அது உண்மை. ஆனால் தேசத்தை உருவாக்க வேண்டிய பணம் வேறு பக்கம் போனது. போர் நடந்துகொண்டிருந்த 1965இல்தான் கென்யாவின் புகழ்பெற்ற பத்தாம் எண் அரசு ஆவணம் வெளியானது. தலைப்பில் ஆப்பிரிக்க சோஷலிசம் இருந்தது. உள்ளே, நல்ல மண்ணும் மழையும் சாலையும் வளர்ச்சியை வரவேற்கும் மக்களும் இருக்கும் இடங்களில் முதலீடு செய்தால்தான் விளைச்சல் கூடும் என்று எழுதியிருந்தது. பொருளாதாரப் பாடமாகப் படித்தால் குறை சொல்ல முடியாது. கரிஸாவில் உட்கார்ந்து படித்தால், போகக்கூடாது என்று துப்பாக்கி காட்டி நிறுத்தியவர்கள், நின்ற பிறகு சோறு போட மறுத்ததாகத் தெரியும்.

1967க்குப் பிறகாவது நிலைமை சீரானதா?

துப்பாக்கிச் சத்தம் குறைந்தது. சிறப்புச் சட்டங்கள் 1991 வரை நீடித்தன. சுதந்திரக் கென்யாவின் முதல் 28 ஆண்டுகளை வடகிழக்கு அவசரநிலையிலேயே கழித்தது. 1970இல் நாடாளுமன்றம் ஒரு பொறுப்பு விலக்குச் சட்டம் போட்டது. 1963 டிசம்பர் முதல் 1967 டிசம்பர் வரை அந்தப் பகுதியில் படையினரும் அதிகாரிகளும் செய்தவற்றுக்காக யாரும் வழக்குத் தொடுக்க முடியாது என்பது அதன் சாரம்.

1984 பிப்ரவரியில் வஜீர் அருகே வகல்லா விமான ஓடுதளத்தில் தேகோதியா குல ஆண்களைக் கூட்டிவந்து, வெயிலில் தண்ணீரின்றிக் கிடத்தி, சுட்டார்கள். அரசு முதலில் ஒப்புக்கொண்ட எண்ணிக்கை 57. உயிர் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் சொல்கிறார்கள். 1989இல் சோமாலியர் மட்டும் தனிச் சோதனைக்கு வந்து, கென்யர்தான் என்று நிரூபித்து, இளஞ்சிவப்பு அட்டை வாங்க வேண்டியிருந்தது.

இப்போது?

2010 அரசியலமைப்பு அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தது. 2013 முதல் கரிஸா, வஜீர், மண்டேராவுக்குத் தேர்ந்தெடுத்த ஆளுநர்கள், சொந்த வரவுசெலவு. ஒரு வகையில் மஜிம்போ பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது. வடக்கில் தார்ச்சாலையும் மருத்துவமனையும் அதன் பிறகே கண்ணில் படத் தொடங்கின. மறுபக்கம் சோமாலியாவின் தீவிரவாத அமைப்பான அல் ஷபாபின் தாக்குதல்கள். 2015 ஏப்ரலில் கரிஸா பல்கலைக்கழகத்தில் மட்டும் 148 பேர் இறந்தார்கள். அதற்குப் பின் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் சோமாலிய முகத்துக்கு அடையாள அட்டை கேட்கும் பழைய வழக்கம் இன்னும் இறுகியது. பிரிவினை பேசுபவர்களை இன்று தேட வேண்டும். ஆனால் வடக்கிலிருந்து நைரோபிக்குப் புறப்படும் முதியவர்கள் “கென்யாவுக்குப் போகிறேன்” என்று சொல்லும் வழக்கம் உண்டு.

நைரோபியில் வாபேரா தெரு என்று ஒன்று இருக்கிறதே, அது அந்த மாவட்ட ஆணையரின் பெயரா?

ஆம். நகரின் மையத்தில், மெக்மில்லன் நூலகத்தை ஒட்டிப் போகும் தெரு. இசியோலோவிலும் அவர் பெயரில் ஒரு வட்டாரம் இருக்கிறது.